லெந்து நாட்களில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்: தியாகம், மன்னிப்பு, நம்பிக்கை

ஒவ்வொரு வருஷமும் ஈஸ்டருக்கு முந்திய உபவாச காலமான லெந்து நாட்களில் எங்கள் சபையில் புதன்கிழமை சாயங்காலம் வேதபாடம் நடக்கும். நடத்துகிறவன் நான். குருப்பட்டம் எதுவும் கிடையாது, ஓய்வுபெற்ற பள்ளிக்கூட வாத்தியார். கூட்டத்துக்குள் வாய் திறக்காதவர்கள், முடிந்து செருப்பு மாட்டும்போது கையைப் பிடித்து நிறுத்திக் கேட்பார்கள். அப்படி வாசல்படியில் திரும்பத் திரும்ப வந்த கேள்விகளும், நான் சொன்ன பதில்களும், வீட்டுக்குப் போனபின் ‘இதைச் சொல்லியிருக்கலாமே’ என்று தோன்றிய பதில்களும் இங்கே. கேட்டவர் யாரென்று தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

லெந்து தொடங்கும் சாம்பல் புதனிலிருந்து ஈஸ்டருக்கு முந்தின நாள் வரை எண்ணினால் 46 நாள் வருகிறது. நாற்பது நாள் என்று ஏன் சொல்கிறோம்?

நடுவில் வரும் ஆறு ஞாயிற்றுக்கிழமைகளைக் கழித்துவிடுங்கள். ஞாயிறு உயிர்த்தெழுதலின் நாள், அன்று உபவாசம் இல்லை என்பது பழைய திருச்சபை வழக்கம். இதைக் கேட்பவர்கள் பெரும்பாலும் ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகள். ஞாயிற்றுக்கிழமை கறி சாப்பிடலாமா என்பதுதான் உள்ளே இருக்கும் கேள்வி. சாப்பிடலாம்.

கறி, மீன் விட்டால் போதாதா?

விட்ட காசு எங்கே போகிறது என்று பாருங்கள். எங்கள் அம்மா உலையில் அரிசி போடுமுன் ஒரு பிடி எடுத்துத் தனிப் பானையில் போடுவார்கள். மாதக் கடைசியில் அது கோயிலுக்குப் போகும். மிசோரமில் பிரஸ்பிட்டேரியன் சபைப் பெண்கள் 1910 முதல் இதே கைப்பிடி அரிசியை எடுத்து வைக்கிறார்கள். அங்கே சபை ஊழியத்துக்கு வரும் வருமானத்தில் அதற்குப் பெரிய பங்கு உண்டு. அந்தப் பிடி அரிசி அன்றைக்கு நாங்கள் சாப்பிட வேண்டியதிலிருந்து போனது. எங்கள் வீட்டில் சில நாள் அது தட்டில் தெரிந்தும் இருக்கிறது.

ஏசாயா 58ஆம் அதிகாரத்தை லெந்து தொடங்குமுன் ஒருமுறை வாசித்துவிடுவது நல்லது. உபவாசம் இருக்கிற நாளிலேயே வேலைக்காரர்களைக் கசக்கிப் பிழிகிறீர்களே என்று தீர்க்கதரிசி கேட்கிறார். நம் வீட்டு வழக்கத்துக்கு அதை மாற்றிச் சொன்னால்: ஐயா சாயங்காலம் வரை உபவாசம், ஆறு மணிக்கு உபவாசம் முடிக்க ஆறு வகைப் பலகாரம், அத்தனைக்கும் அடுப்படியில் நின்றது அம்மா. அவரும் அன்றைக்கு உபவாசம்தான்.

எங்கள் வீட்டில் தியாகம் என்றாலே அக்காதான். தம்பிகளைப் படிக்கவைக்கத் தன் படிப்பை விட்டாள், அப்பாவைப் பார்த்துக்கொள்ளக் கல்யாணத்தை விட்டாள். அதை நாங்கள் சாட்சியாகச் சொல்வது தவறா?

இதைக் கேட்டவர் அந்தத் தம்பிகளில் ஒருவர். இரவெல்லாம் இந்தக் கேள்வி என்னோடு இருந்தது.

வேதத்தில் இரண்டு பேரைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தாவீது பலிபீடம் கட்ட அர்வனாவின் களத்தைக் கேட்கிறான். அர்வனா களத்தையும் மாடுகளையும் சும்மாவே தருகிறேன் என்கிறான். தாவீது சம்மதிக்கவில்லை. எனக்குச் செலவில்லாத பலியை என் தேவனுக்குச் செலுத்தமாட்டேன் என்று சொல்லி 50 சேக்கல் வெள்ளி எண்ணிக் கொடுக்கிறான். இன்னொருவன் யெப்தா. போரில் ஜெயித்தால் என் வீட்டு வாசலிலிருந்து எதிரே வருவதைப் பலியிடுவேன் என்று நேர்ந்துகொண்டான். மேளத்தோடு ஆடிக்கொண்டு வந்தது அவனுடைய ஒரே மகள். வாய் விட்டவன் அப்பன், விலை கொடுத்தவள் பிள்ளை.

இயேசுவே இந்தக் கணக்கைத் திறந்து காட்டியிருக்கிறார். பெற்றோரைப் பார்க்க வேண்டிய பணத்தை ‘கொர்பான்’, அதாவது காணிக்கை என்று சொல்லிவிட்டுக் கடமையிலிருந்து நழுவியவர்களை மாற்கு 7இல் அவர் கண்டிக்கிறார். தேவனுடைய பெயரில் கொடுத்தாலும், அடுத்தவர் பங்கிலிருந்து எடுத்துக் கொடுத்தது அவர் கண்ணில் காணிக்கையாகத் தெரியவில்லை.

ஆகவே தம்பி, அக்கா மனமுவந்து விட்டதா, வேறு வழியில்லாமல் விட்டதா என்று நீங்கள் அவர்களிடமே கேட்டதுண்டா? கேட்டபிறகு சாட்சி சொல்லலாம். சொல்லப்போனால் அதை அவர்களே சொல்வதுதான் சரி. அதுவரை உங்கள் கையில் இருப்பது வேறு வேலை: அப்பாவைப் பார்க்கும் முறையில் வாரத்தில் மூன்று நாள் உங்களுடையது என்று ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். சனிக்கிழமை ராத்திரி படுக்கை விரிப்பு மாற்றிப் பார்த்தால், அக்காவைப் பற்றிச் சொல்லும் சாட்சியின் வார்த்தைகள் கொஞ்சம் மாறும்.

ஏழை விதவை இரண்டு காசு போட்டாள் என்று சொல்லிச் சொல்லிக் காணிக்கை கேட்கிறார்களே?

கேட்பவர்கள் இரண்டு வசனம் முன்னாலிருந்து வாசிக்க வேண்டும். விதவைகளின் வீடுகளை விழுங்குகிற வேதபாரகரை, அதாவது வேதம் போதிக்கிறவர்களைப் பற்றி இயேசு எச்சரித்த கையோடு, தன் பிழைப்புக்கு இருந்த எல்லாவற்றையும் போட்ட விதவை காணிக்கைப் பெட்டி அருகே வருகிறாள். அவள் பக்தியை அவர் மெச்சினார், சரி. அவளை அந்த நிலையில் வைத்திருந்த ஆலயத்தை மெச்சியதாக எனக்குத் தெரியவில்லை. அடுத்த அதிகாரத்தின் முதல் வசனங்களிலேயே, இங்கே ஒரு கல்லின்மேல் ஒரு கல் இராது என்கிறார். காணிக்கைப் பொருள்களை ஏலம் விடும் ஸ்தோத்திரப் பண்டிகையில் கௌரவத்துக்காக ஒரு வாழைத்தாருக்கு ஆயிரக்கணக்கில் கேட்டுவிட்டு வட்டிக்குக் கடன் வாங்குகிறவர்களிடம் நான் சொல்வது: ஏலம் கேட்காதீர்கள், பாட்டுப் பாடிவிட்டு வீட்டுக்குப் போங்கள்.

என் பங்காளி என்னை ஏமாற்றி நிலத்தை எழுதி வாங்கிவிட்டான். இதெல்லாம் ஒரு விஷயமா, மன்னித்துவிடு என்கிறார்கள். இது சின்ன விஷயமா?

சின்ன விஷயம் இல்லை. இயேசுவும் அப்படிச் சொல்லவில்லை.

மத்தேயு 18இல் இயேசு சொன்ன கதையில் இரண்டு கடன் வருகிறது. ராஜாவிடம் ஒருவன் பட்ட கடன் பதினாயிரம் தாலந்து. அவனிடம் உடன்வேலைக்காரன் பட்ட கடன் நூறு வெள்ளிப்பணம். பிரசங்கங்களில் இந்த நூறை ‘அற்பக் காசு’ என்று சொல்லிக் கேட்டிருப்பீர்கள். நானும் பல வருஷம் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். ஒருநாள் கணக்குப் போட்டுப் பார்த்தேன். அந்த வெள்ளிப்பணம் ஒன்று ஒரு கூலியாளின் ஒருநாள் கூலி. நாள் கூலி 700 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் நூறு நாளுக்கு 70,000 ரூபாய். கூலி வேலை செய்கிறவனிடம் 70,000 ரூபாயை அற்பம் என்று சொல்லிப் பாருங்கள்! உங்கள் நஷ்டம் நஷ்டம்தான் என்று ஒத்துக்கொண்டே அந்தக் கதை தொடங்குகிறது.

அந்தப் பக்கத்துக் கடனைப் பாருங்கள். ஒரு தாலந்து ஏறத்தாழ 6,000 நாள் கூலி. பதினாயிரம் தாலந்து என்றால் ஆறு கோடி நாள். ஒருநாள்கூட லீவு போடாமல் உழைத்தாலும் 1,64,000 வருஷத்துக்கு மேல். அடைத்து முடிக்கவே முடியாத கடனை ராஜா தள்ளிவிட, அதிலிருந்து ஒருவன் அன்று காலையில் வெளியே வந்திருக்கிறான். மன்னிக்கச் சொல்வது அந்த விடுதலையைக் கையில் வைத்துக்கொண்டு.

எத்தனை முறை மன்னிக்க என்று கேட்ட பேதுருவுக்கு இயேசு சொன்ன ஏழெழுபது முறை என்பதை நான் ஒரே ஆளின் ஒரே தப்புக்கும் வைத்துப் பார்க்கிறேன். அந்த நிலத்தைத் தாண்டிப் போகும் ஒவ்வொரு தடவையும் வயிறு எரியும், ஒவ்வொரு தடவையும் திரும்ப மன்னிக்க வேண்டியிருக்கும். இடையில் வக்கீலைப் பார்ப்பதில் தப்பு ஒன்றும் இல்லை.

மன்னித்துவிட்டால் வழக்கை வாபஸ் வாங்கவேண்டுமா?

வேண்டியதில்லை. 1999 ஜனவரியில் ஒடிசாவின் மனோகர்பூர் கிராமத்தில், வண்டிக்குள் தூங்கிக்கொண்டிருந்த ஆஸ்திரேலிய மிஷனரி கிரகாம் ஸ்டெயின்ஸையும் அவருடைய இரண்டு பையன்களையும் தீ வைத்துக் கொன்றார்கள். பிலிப்புக்கு 10 வயது, திமோத்திக்கு 6. மனைவி கிளாடிஸ், கொன்றவர்களை மன்னித்துவிட்டதாக ஊரறியச் சொன்னார். அதற்காக வழக்கு நிற்கவில்லை. 2003இல் தீர்ப்பு வந்தது. முதல் குற்றவாளிக்கு விதித்த தூக்குத் தண்டனையை 2005இல் உயர் நீதிமன்றம் ஆயுள் தண்டனையாகக் குறைத்தது, 2011இல் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. மன்னிப்பு அவருடையது, தண்டனை அரசாங்கத்துடையது. ஒன்றில் மற்றொன்று கைவைக்கவில்லை. இதைவிட என்னைத் தொட்டது, மகள் எஸ்தரோடு 2004 வரை அவர் பாரிபதாவிலேயே தங்கித் தொழுநோயாளர் இல்லத்து வேலையைப் பார்த்தது.

இலங்கையில் 2019 ஏப்ரல் 21, ஈஸ்டர் காலை. கொச்சிக்கடை அந்தோனியார் கோயில், நீர்கொழும்பு கட்டுவாப்பிட்டி செபஸ்தியார் கோயில், மட்டக்களப்பு சீயோன் சபை, கொழும்பு ஓட்டல்கள் என்று குண்டுகள் வெடித்து 250 பேருக்கும் மேல் இறந்தார்கள். சீயோனில் இறந்தவர்களில் பலர் ஞாயிறு பள்ளிப் பிள்ளைகள். மறுவருஷ ஈஸ்டரில் கர்தினால் மல்கம் ரஞ்சித் தாக்கியவர்களை மன்னித்துவிட்டோம் என்றார். அதே கர்தினால், யார் பின்னாலிருந்தார்கள், முன்கூட்டியே எச்சரிக்கை வந்தும் ஏன் தடுக்கவில்லை என்று கேட்பதை நிறுத்தவில்லை. 2023 ஜனவரியில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன 10 கோடி ரூபாய் இழப்பீடு கட்டவேண்டும் என்று தீர்ப்பளித்தது. பழிவாங்கும் ஆசையை விட்டவர் உண்மையைக் கேட்கும் உரிமையையும் விட்டாகவேண்டும் என்று எந்த வசனமும் சொல்லவில்லை.

வீட்டுக்காரர் குடித்துவிட்டு அடிக்கிறார். ‘சிலுவையைச் சுமந்துகொள், மன்னித்துப் போம்மா’ என்று ஐயர் சொல்கிறார். நான் என்ன செய்ய?

(எங்கள் பக்கம் சபைக் குருவானவரை ஐயர் என்போம்.)

முதலில் பத்திரமான இடத்துக்குப் போங்கள் தாயி. மற்றது பிறகு. 181 என்ற பெண்கள் உதவி எண் ராத்திரியிலும் வேலை செய்யும். 2005இன் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டப்படி அடிப்பவரைத் தடுத்து உத்தரவு கேட்கலாம், அதே வீட்டில் தொடர்ந்து குடியிருக்கும் உரிமையும் கேட்கலாம்.

மறு கன்னத்தைக் காட்டச் சொன்ன இயேசுவை, பிரதான ஆசாரியனின் மாமனார் அன்னாவின் முன் ஒரு சேவகன் அறைந்தான். அவர் மறு கன்னத்தைக் காட்டவில்லை. நான் தகாததைப் பேசியிருந்தால் ஒப்புவி, தகுதியானதைப் பேசியிருந்தால் என்னை ஏன் அடிக்கிறாய் என்று கேட்டார். யோவான் 18, 23ஆம் வசனம். அடிக்கிற கையைப் பார்த்துக் கேட்கவேண்டிய கேள்வியை அடிவாங்கினவளிடம் கேட்பது எந்த ஊர் நியாயம்? சிலுவை அவர் தாமே தெரிந்தெடுத்தது. ஒருவனும் என் ஜீவனை என்னிடமிருந்து எடுத்துக்கொள்ளமாட்டான் என்று முன்னமே சொல்லியிருக்கிறார். உங்கள் முதுகில் இன்னொருவர் ஏற்றுவதற்கு அந்தப் பெயர் பொருந்தாது. மன்னிப்பதா, எப்போது என்பதெல்லாம் காயம் ஆறியபின் நீங்களாக யோசிக்கவேண்டியது. ஐயருக்கும் எனக்கும் அதில் ஓட்டு இல்லை.

மன்னித்துவிட்டேன், மறக்கத்தான் முடியவில்லை. அப்படியானால் மன்னிக்கவில்லை என்று அர்த்தமா?

யோசேப்பு தன் மூத்த மகனுக்கு மனாசே என்று பெயர் வைத்தான். ‘மறக்கப்பண்ணினார்’ என்பது அதன் பொருள். என் வருத்தத்தையும் தகப்பன் வீட்டையும் தேவன் மறக்கச் செய்தார் என்கிறான். பிறகு தினமும் பத்துத் தடவை அந்தப் பிள்ளையைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டிருப்பானே! கூப்பிடும்போதெல்லாம் எதை மறந்தான் என்பது நினைவுக்கு வந்திருக்கும். தன்னை முன்பு விற்றுப்போட்ட அண்ணன்மார் தானியம் வாங்க வந்தபோது, பார்த்ததும் கட்டிப்பிடிக்கவும் இல்லை. சோதித்தான், ஒருவனைப் பிடித்து வைத்தான், தம்பி பென்யமீனுக்காக அண்ணன் யூதா தன்னைக் கொடுக்க முன்வருகிறானா என்று பார்த்தபிறகே தன்னை யாரென்று காட்டி அவர்கள் முன்னால் அழுதான்.

நான்தான் தப்பு செய்தவன். ஆண்டவரிடம் அழுது கேட்டுவிட்டேன். போதாதா?

யாருக்குச் செய்தீர்களோ அவரிடம் போனீர்களா? காணிக்கையைப் பலிபீடத்தருகே வைத்துவிட்டு முதலில் சகோதரனோடு ஒப்புரவாகச் சொன்னது கலிலேயாவில். பலிபீடம் இருந்தது எருசலேமில். போக நாலைந்து நாள் நடை, வரவும் அவ்வளவு. ஆட்டைக் கோயிலில் கட்டிவிட்டு ஊருக்கு நடந்து போய்ப் பேசிவிட்டு வா என்பதைக் கேட்டவர்கள் சிரித்திருப்பார்கள் என்றே நினைக்கிறேன்.

வரி வசூலித்த சகேயு மன்னிப்புக் கேட்டதாக லூக்கா எழுதவில்லை, கணக்குச் சொன்னதாக எழுதியிருக்கிறார். ஆஸ்தியில் பாதி ஏழைகளுக்கு, அநியாயமாய் வாங்கியதற்கு நாலு மடங்கு. போகும்போது ‘தெரியாமல் ஏதாவது செய்திருந்தால்’ என்று தொடங்காதீர்கள். தெரிந்துதானே செய்தோம். எதைச் செய்தோம் என்று பெயர் சொல்லுங்கள், பணமானால் கொண்டுபோங்கள், அவர் கதவைத் திறக்காவிட்டால் திரும்பி வாருங்கள். மன்னிக்கவேண்டிய கட்டாயம் அவருக்கு இருப்பதுபோல் வாசலில் உட்கார்ந்துவிடக் கூடாது.

அப்பா இறந்துவிட்டார். இப்போது எப்படி மன்னிப்பது?

கத்தோலிக்கர் சொல்லும் கர்த்தர் கற்பித்த ஜெபத்தில் ‘எங்கள் குற்றங்களைப் பொறுத்தருளும்’ என்று வரும். நம் வேதாகமத்தில் ‘கடன்களை மன்னியும்’. இந்தக் கேள்விக்குக் கத்தோலிக்கர் வார்த்தை உதவுகிறது. பொறுப்பது என்றால் தாங்குவதும்தான். கடன் திரும்பி வராது என்று தெரிந்தபின் அந்தப் பாரத்தை அடுத்த தலைமுறைத் தலையில் இறக்காமல் தாங்குவது. உங்கள் அப்பா உங்களைப் பேசிய அந்த வார்த்தை உங்கள் பிள்ளையைப் பார்த்து உங்கள் நுனிநாக்குக்கு வரும்போது விழுங்கிவிடுங்கள். எனக்குத் தெரிந்த வழி அது ஒன்றுதான்.

கத்தோலிக்க நண்பர்கள் ‘எதிர்நோக்கு’ என்கிறார்களே, அது என்ன?

நம் பழைய மொழிபெயர்ப்பில் விசுவாசம், நம்பிக்கை, அன்பு. அவர்களுடைய திருவிவிலியத்தில் நம்பிக்கை, எதிர்நோக்கு, அன்பு. நாம் நம்பிக்கை என்பதைத்தான் அவர்கள் எதிர்நோக்கு என்கிறார்கள். கல்யாண வீட்டில் இரண்டு சபையாரும் பேசிக்கொள்ளும்போது கொஞ்சம் குழம்பும். எதிர்நோக்கு நல்ல சொல். வராததைப் பார்த்து வாசலில் நிற்கிற ஓர் ஆள் அதில் தெரிகிறார்.

புது வருஷ ஆராதனையில், நன்மையான எதிர்காலம் தருவேன் என்கிற எரேமியா 29:11 வாக்குத்தத்த அட்டை கிடைத்தது. அந்த வருஷம்தான் வேலை போச்சு, மகனுக்கு வியாதி வந்தது. வாக்குத்தத்தம் பொய்யா?

அட்டையில் ஒரு வசனம்தான் அச்சடிக்க இடம் இருக்கும். அதற்கு முந்தின வசனம் 70 வருஷம் என்கிறது.

அது பாபிலோனுக்குப் பிடித்துக்கொண்டுபோகப்பட்டவர்களுக்கு எரேமியா எழுதின கடிதம். இரண்டு வருஷத்தில் திரும்பிவிடலாம் என்று அனனியா என்பவன் சொல்லிக்கொண்டிருந்தான், ஜனங்களுக்கு அதுதான் பிடித்தது. எரேமியா இல்லை என்றார். வீடு கட்டுங்கள், தோட்டம் வையுங்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் செய்துவையுங்கள் என்று எழுதினார். அந்தக் கடிதத்தை வாசிக்கக் கேட்ட பெரியவர்களில் மிகப் பலர் ஊர் திரும்பாமலே பாபிலோனில் செத்தார்கள். நன்மையான எதிர்காலம் என்பது அவர்களுக்குச் சொல்லப்பட்டது, அவர்களுடைய பேரப்பிள்ளைகள் கண்டார்கள். டிசம்பர் 31க்குள் நிறைவேறும் என்று தேதி குறித்தது அட்டை அச்சடித்தவர்கள்.

எரேமியா தானே செய்தது எனக்கு இன்னும் பிடிக்கும். எருசலேமைப் பாபிலோன் படை சுற்றி வளைத்திருக்கிறது, அவர் காவல்முற்றத்தில் கைதி. அப்போது உறவுக்காரன் ஒருவன் வந்து ஆனதோத்தில் இருக்கும் நிலத்தை வாங்கிக்கொள் என்கிறான். எதிரி கையில் விழப்போகிற ஊர் நிலம், காலணாவுக்குப் பெறாது. 17 சேக்கல் வெள்ளி நிறுத்துக் கொடுத்து, சாட்சிக் கையெழுத்து வாங்கி, முத்திரை போட்ட பத்திரம் ஒன்று, திறந்த பிரதி ஒன்று, இரண்டையும் அநேக நாள் இருக்கும்படி மண்பாண்டத்தில் வைக்கச் சொல்கிறார். பத்திர ஆபீஸ் வாசலில் கால் கடுக்க நின்றவர்களுக்கு இந்த அதிகாரம் நன்றாகப் புரியும். மகன் ஆஸ்பத்திரியில் இருக்கும்போதே அவனுக்குப் பள்ளிக்கூடப் புத்தகத்துக்கு அட்டை போட்டு வைத்தீர்கள் என்று சொன்னீர்களே, அது இதே ஜாதிக் காரியம்.

துக்க வீட்டில் என்ன சொல்ல வேண்டும்?

யோபுவின் சிநேகிதர் ஏழு நாள் வாய் திறக்காமல் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். அதற்குப் பிறகு பேசத் தொடங்கியதில்தான் கெட்டது. ‘ஆண்டவருக்கு அந்தப் பூ பிடித்துவிட்டது, பறித்துக்கொண்டார்’ என்று மட்டும் எந்தத் தாயிடமும் சொல்லாதீர்கள். காப்பி போட்டுக் கொடுங்கள், வந்தவர்களுக்கு நாற்காலி எடுத்துப் போடுங்கள்.

ஈஸ்டர் ஆராதனையை ஏன் விடியற்காலை 4 மணிக்கு வைக்கிறீர்கள்? ஏழு மணிக்கு வைத்தால் என்ன?

வாலிபர் சங்கத்தார் வருஷா வருஷம் கேட்பது. மகதலேனா மரியாள் இருட்டோடு இயேசுவின் கல்லறைக்கு வந்தாள் என்று யோவான் எழுதுகிறார், அதனால்தான். மாற்கு எழுதுவதைப் பாருங்கள்: இயேசுவின் உடலில் பூசச் சுகந்தவர்க்கம் வாங்கிக்கொண்டு பெண்கள் போகிற வழியில்தான், கல்லறை வாசலில் இருக்கும் கல்லை நமக்காக யார் புரட்டித் தள்ளுவார் என்று ஒருவருக்கொருவர் பேசிக்கொள்கிறார்கள். கல் மகா பெரிது. ஆளுக்கு ஏற்பாடு செய்யாமலே வீட்டைவிட்டு வந்துவிட்டார்கள்.

எங்கள் கோயிலில் மூன்றரைக்கே வந்து படியில் உட்கார்ந்திருக்கும் பாட்டிமார் நாலு பேர் உண்டு. சாவி கோயில்பிள்ளையிடம் இருக்கும், அவர் நாலு மணிக்குத்தான் வருவார். பூட்டியிருக்கும் என்று தெரிந்தே வருகிறார்கள். போன வருஷம் நானும் சீக்கிரம் போய்விட்டேன். தள்ளி உட்கார்ந்து இடம் கொடுத்தார்கள்.